எனக்குத் தெரியாத ராமேஸ்வரமா?

பரமக்குடியில் வாழ்க்கைப்பட்டவர்களுக்கு ஒரு பாக்கியம் உண்டு. ராமேஸ்வரம் போகிற சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் நம் வீட்டுக்கு வருவார்கள். அதே விஷயம்தான் நமக்குப் பாடும்! மதுரைக்கும் ராமேஸ்வரத்துக்கும் ஏறக்குறைய நடுவில், வைகைக் கரையில் இருக்கிறது எங்கள் ஊர். வருகிறவர்கள் ஒரு ராத்திரி தங்கி, எமனேஸ்வரம் பக்கம் போய்த் தறிச் சேலை இரண்டு எடுத்துக்கொண்டு, நான் கட்டிக் கொடுக்கும் புளிச்சோற்றுப் பொட்டலத்தோடு பஸ் ஏறுவார்கள். பல சமயம் என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போவார்கள். இங்கிருந்து 90 கிலோமீட்டர் சொச்சம்தானே! எத்தனை தடவை போயிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. "எனக்குத் தெரியாத ராமேஸ்வரமா?" என்று நான் பெருமையடித்துக்கொண்டதும் அதனால்தான்.

அந்தப் பெருமை 2024 மாசி மாதம் ஒரு விடிகாலையில் கடலோடு போயிற்று. வெளியே சொல்ல வெட்கமாக இருந்ததால் இத்தனை நாள் எழுதவில்லை. ஏன் இப்போது எழுதுகிறேன் என்பது கடைசியில் உங்களுக்கே புரியும்.

சேலத்திலிருந்து என் வீட்டுக்காரரின் சித்தி வந்திருந்தார். நான் அவரைச் சின்னத்தை என்று கூப்பிடுவேன். மாமா காலமாகி ஒரு வருஷம். முதல் திதியை அக்னி தீர்த்தக் கரையில் கொடுக்க வேண்டும் என்று, கல்லூரியில் படிக்கும் மகனோடு வந்தார். அப்போது பாம்பன் பழைய ரயில் பாலத்தை மூடியிருந்த சமயம். 1914-இல் திறந்த பாலம். 2022 டிசம்பரில் அதன்மேல் ரயிலை நிறுத்திவிட்டார்கள். அதனால் ரயில்கள் ராமநாதபுரம், மண்டபம் வரைதான் வரும். புதுப் பாலம் 2025 ஏப்ரல் 6-ஆம் தேதிதான் திறந்தது. ஆகவே ராத்திரி ஒன்றரை மணி பஸ்ஸில் கிளம்பினோம்.

ராத்திரிப் பயணத்துக்கும் ஒரு அழகு உண்டு. ராமநாதபுரம் தாண்டியதுமே காற்றில் உப்பு வாசம். 1988-இல் திறந்த பாம்பன் சாலைப் பாலத்தின் மேல் பஸ் ஏறும்போது, கீழே கறுப்புக் கடலில் அங்கங்கே படகு விளக்குகள். சின்னத்தை ஜன்னலோரம் உட்கார்ந்து மாமாவின் போட்டோவை மடியில் வைத்திருந்தார்.

மற்ற ஊர்களில் காலை நாலு மணி என்றால் நாய்கூடத் தூங்கும். ராமேஸ்வரத்தில் அப்போதுதான் வியாபாரமே சூடு பிடிக்கும். விடியற்காலை ஸ்படிக லிங்க தரிசனத்துக்கு முந்தி நீராட வேண்டுமே! டீக்கடைகளில் பால் பொங்குகிறது. சங்குக் கடைகளில் விளக்கு எரிகிறது. தெலுங்கு, ஹிந்தி, வங்காளி என்று காதில் ஏதேதோ பாஷை. வந்த ஜனங்கள் பாதித் தூக்கத்தில் இருக்கிறார்கள். காத்திருப்பவர்கள் மட்டும் நன்றாக விழித்திருக்கிறார்கள்.

பஸ் நிலையத்தில் இறங்கியதும் ஒருவர் வந்தார். வெள்ளை வேட்டி, பட்டையாய்த் திருநீறு, கழுத்தில் கயிறு கட்டிய ஒரு அட்டை. "திதிக்கு வந்தீங்களாம்மா?" என்றார். சின்னத்தை கையிலிருந்த போட்டோவைப் பார்த்திருக்கிறார் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. "இன்னைக்கு 22 தீர்த்தத்துக்கும் பொது வரிசை அடைச்சாச்சும்மா. முன்னாடியே சொல்லி வெச்சவங்களுக்குத்தான். தலைக்கு 700 குடுங்க, நான் சேத்து விடறேன்" என்றார்.

எத்தனையோ முறை வந்த எனக்கே அது பொய் என்று தோன்றவில்லை. விசேஷ நாள் ஏதாவது இருக்குமோ என்று நினைத்துக்கொண்டேன். நாலடி நடந்து, ஒரு கடைக்காரரைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். "எனக்குத் தெரியும்" என்று வந்தவள் யாரைக் கேட்பது?

கடற்கரையில் அவர் சொன்னதுதான் வேடிக்கை. "அம்மா, இங்க திருட்டுப் பயலுக ஜாஸ்தி. கூட்டத்துல வளையலை உருவிருவானுக. கழட்டிப் பைல வையுங்க. கோயிலுக்குள்ள செல்போனும் விட மாட்டாங்க, அதையும் வெச்சிருங்க." செல்போன் விஷயம் உண்மைதான். 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் செல்போனைத் தடை செய்யச் சொல்லியிருந்தது. ஒரு உண்மையோடு சேர்ந்து வந்ததால் மற்றதும் உண்மையாகிவிட்டது. என் தாலிச் செயினைக் காட்டினார். "இதைக் கழட்ட மாட்டேன்" என்றேன். "வேண்டாம்மா, கழட்டக் கூடாது. முந்தானையால மூடிக்கங்க" என்றார். அதைக் கேட்டதும் எனக்கு இருந்த கொஞ்ச நஞ்சச் சந்தேகமும் போய்விட்டது. பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை வேறு நின்றாள். "எங்க வீட்டுக்காரிதான், பையைப் பாத்துக்குவா" என்றார்.

சின்னத்தை இரண்டு வளையலையும் கழற்றினார். மாமா முதல் போனஸில் வாங்கிக் கொடுத்தது. சோப்புப் போட்டுத்தான் கழற்ற முடியும் என்று எப்போதும் சொல்வார். அன்று இளைத்துப் போயிருந்ததால் தானாக வந்துவிட்டது.

மூன்று முழுக்குப் போட்டுத் திரும்பினோம். கரையில் அவரும் இல்லை, அவளும் இல்லை, பையும் இல்லை.

ஈரச் சேலையோடு நின்ற அந்தக் காட்சி இன்னும் கண்ணில் இருக்கிறது. சின்னத்தை அழவில்லை. "யார்ட்டயும் சொல்லாத கண்ணு. காரியம் பண்ண வந்த எடத்துல போலீஸு, கேஸுன்னு போனா அவரு ஆத்மா சாந்தியடையுமா?" என்றார். எனக்கும் அதுதான் நல்லதாகப் பட்டது. ஆனால் என் காரணம் வேறு. வீட்டுக்காரர் என்ன சொல்வாரோ என்ற பயம். "எனக்குத் தெரியாத ராமேஸ்வரமா" என்பதைச் சொல்லிச் சொல்லியே சிரிப்பார்களே!

தம்பிதான் கேட்கவில்லை. "அண்ணி, நாம பேசாம போனா அவன் நாளைக்கும் இதே எடத்துல நிப்பான்" என்றான்.

அதற்குள் எள், தர்ப்பை விற்கும் ஒரு அம்மாள் விஷயம் கேட்டு ஓடி வந்தார். உலர்ந்த சேலை ஒன்று கொடுத்தார். புரோகிதருக்கும் தீர்த்தச் சீட்டுக்கும் பணம் கொடுத்தார். "ஊருக்குப் போயி அனுப்புங்கத்தா, எங்க ஊருக்கு வந்து திதி குடுக்காம போகக் கூடாது" என்றார். பொது வரிசை அடைக்கவே இல்லை என்பதும் அவர் சொல்லித்தான் தெரிந்தது. யாரோ இரண்டு பேர் செய்த காரியத்துக்கு ஊரையே ஏசத் தெரிந்த என் வாய் அன்று அடைத்துப்போயிற்று. திதி குறைவில்லாமல் நடந்தது. 22 தீர்த்தமும் ஆடினோம்.

பிறகு காவல் நிலையம் போனோம். ஒரு பெண் தலைமைக் காவலர் டீ வாங்கிக் கொடுத்து நிதானமாகக் கேட்டார். எந்த ஆட்டோ, அட்டையில் என்ன நிறம், அந்தப் பெண் என்ன சேலை என்று. எழுதி முடித்துவிட்டுச் சொன்னார்: "முந்தாநாளும் ஒரு அம்மா இதே மாதிரி பறிகொடுத்தாங்களாம். ஆட்டோக்காரர் சொல்றாரு. ஆனா வந்து எழுதிக் குடுக்கல. குடுத்திருந்தா நேத்தே அந்தக் கரையில ஆள் போட்டிருப்போம்."

அந்த வார்த்தைதான் என்னைத் தைத்தது. அந்த அம்மாளும் என்னைப் போல வீட்டில் என்ன சொல்வார்களோ என்று பயந்திருப்பார். அவருடைய வெட்கத்துக்கு விலை சின்னத்தையின் வளையல்!

சாயங்காலம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் பை கிடைத்தது. மாற்றுத் துணியும் மாமாவின் போட்டோவும் இருந்தன. வளையல் இன்றுவரை கிடைக்கவில்லை. "போட்டோ வந்துருச்சில்ல" என்று சின்னத்தை மனதைத் தேற்றிக்கொண்டார்.

வீட்டில் விஷயம் தெரிந்தபின் ஓர் ஆச்சரியம். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் தங்கை மகன் போனில் பேசினான். "பெரியம்மா, நானும் ஏமாந்திருக்கேன், இதுவரைக்கும் அம்மாகிட்ட சொல்லல" என்றான். நண்பர்களோடு பாங்காக் போனபோது பட்பாங் என்கிற ராத்திரிக் கடைவீதிக்குப் போயிருக்கிறார்கள். தெருவில் ஒருவன் விலை அச்சடித்த அட்டையைக் காட்டி, மாடியில் குறைந்த காசுக்கு ஆட்டம் பார்க்கலாம் என்று கூட்டிப்போனானாம். இறங்கும்போது பில் பல மடங்கு. வாசலை அடைத்துக்கொண்டு இரண்டு தடியர்கள். கொடுத்துவிட்டு வந்தார்களாம். போலீஸுக்குப் போனால் 'அந்த இடத்துக்கு ஏன் போனாய்' என்று கேட்பார்களே என்று வாயை மூடிக்கொண்டானாம். சுற்றுலாப் பயணிகளுக்கென்றே அங்கே 1155 என்று தனிப் போலீஸ் எண் இருக்கிறது. மறுநாள் பகலில் இன்னொருவன், "அரண்மனை இன்னைக்கு மூடியாச்சு, நான் வேற இடம் காட்டறேன்" என்று வந்தானாம். அங்கே அது பழைய தந்திரமாம். வேறு இடம் என்பது ரத்தினக்கல் கடையில்தான் போய் முடியுமாம். எனக்கு நம் வெள்ளை வேட்டி ஞாபகம்தான் வந்தது. குடிக்கிற இடமானாலும் கும்பிடுகிற இடமானாலும் பாடம் ஒன்றுதான் போலிருக்கிறது!

எங்கள் ஊரிலும் பார்க்கிறோமே. சித்திரா பௌர்ணமிக்கு சுந்தரராஜப் பெருமாள் அழகராக வைகையில் இறங்கும் ராத்திரி ஊரே ஆற்று மணலில் இருக்கும். அந்த மாதிரிக் கூட்டங்களில் "உங்க பணம் கீழ விழுந்துருக்கும்மா" என்று ஒருவன் கை காட்டுவான், குனிந்தால் பை போய்விடும். போலீஸ் என்று சொல்லிக்கொண்டு, "முன்னால செயின் அறுப்பு நடந்திருக்கு, நகையைக் கழட்டிப் பேப்பர்ல மடிச்சு வையுங்க" என்பான். வீட்டில் பிரித்தால் கூழாங்கல்! மிரட்டி வாங்குகிறவனைவிட, அக்கறையாகப் பேசி வாங்குகிறவன்தான் அதிகம்.

பட்டதில் படித்த சிலவற்றைச் சொல்கிறேன், தோழியரே:

1. 'அடைத்தாயிற்று, முடிந்துவிட்டது' என்று தெருவில் யார் சொன்னாலும் கோயில் வாசல் வரை போய்ப் பாருங்கள். கட்டணத்தைக் கவுன்ட்டரில் கட்டிச் சீட்டு வாங்குங்கள்.

2. நகையைக் கழற்றச் சொல்கிறவர் யாராயிருந்தாலும், போலீஸ் உடையில் இருந்தாலும், கழற்றாதீர்கள். நகையைக் கழற்றி மடித்துத் தருவது போலீஸ் வேலை இல்லை. திதிக்குப் போகும்போது நகையை வீட்டிலேயே வைத்துவிடுவது உத்தமம்.

3. எல்லோரும் ஒரே நேரத்தில் தண்ணீரில் இறங்க வேண்டாம். முறை வைத்து ஒருவர் பையோடு நில்லுங்கள்.

4. தங்கும் அறையைக் கைப்பேசியில் தேடிப் பணம் கட்டுமுன், வேறு வழியில் அந்த விடுதி எண்ணை வாங்கிப் பேசிப் பாருங்கள். யாத்ரீகர்களுக்காகவே போலி முன்பதிவுத் தளங்கள் நடப்பதாக 2025 ஏப்ரலில் மத்திய உள்துறையே எச்சரித்தது. பணம் போய்விட்டால் உடனே 1930-க்குச் சொல்லுங்கள்.

5. ஆபத்துக்கு 112, பெண்கள் உதவிக்கு 181, ரயிலில் என்றால் 139. கைப்பேசி தொலைந்தால் சிம்மையும் வங்கிக் கணக்கையும் முதலில் முடக்குங்கள்.

6. ஊர் திரும்பிவிட்டோமே என்று விட்டுவிடாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதுச் சட்டப்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும். கேட்டு வாங்குங்கள்.

7. எல்லாவற்றுக்கும் மேலாக, ஏமாந்து வந்தவரை வீட்டில் ஏசாதீர்கள். இன்று ஏசினால் அடுத்த முறை சொல்லவே மாட்டார்கள். என் வீட்டுக்காரர் அன்று சிரிக்கவில்லை. "நீங்க மூணு பேரும் பத்திரமா வந்தீங்களே" என்றார். பஸ் நிலையத்தில் ஆரம்பித்து அதுவரை அடக்கிய அழுகையெல்லாம் அப்போதுதான் வந்தது.

2025-இல் அடுத்த திதிக்கு மறுபடி போனோம். எள் விற்கும் அம்மாளுக்குப் பரமக்குடிச் சேலை ஒன்று வாங்கிக்கொண்டேன். அதே பஸ் நிலையம், அதே நாலு மணி. யாரோ ஒருவர் அருகில் வந்து, "அம்மா, பையைப் பத்திரமா வெச்சுக்கங்க. இங்க திருடனுக ஜாஸ்தி. குடுங்க, நான் பாத்துக்கறேன்" என்றார்.

சின்னத்தை பையை மடியில் இறுக்கிக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"தெரியும் சாமி. அதனாலதான் உங்கிட்ட குடுக்கல!"