ஓக் முடிக்கட்டும்

காய்ந்த இலைகள்மேல் ரேக் இழுபடும் சத்தம் எனக்கு வேண்டும். அதன் பற்கள் புல்லைச் சுரண்டிக்கொண்டு வரும்போது ஒரு சீறல், குவியலைச் சேரும்போது ஒரு சரசரப்பு, அப்புறம் கொஞ்சம் மௌனம். என் கணவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்கிற நேரம் அது. டொராண்டோவின் ஸ்கார்பரோவில், அக்டோபர் மாதத்துச் சனிக்கிழமைகளில், அடுப்படியில் நின்றபடியே அவர் தோட்டத்தின் எந்த மூலையில் இருக்கிறார் என்று அந்தச் சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவேன். இப்போது உறையூரில், தங்கை வீட்டு மாடியறையில், மின்விசிறிச் சத்தம்தான்.

இங்கே குறை என்று எதுவும் இல்லை. விடிந்ததும் காபி வந்துவிடுகிறது. கோட்டும் பூட்ஸும் மாட்டிக்கொண்டு பனி அள்ள வேண்டியதில்லை. முழங்கால் வலி குறைந்திருக்கிறது. வெக்காளியம்மன் கோயிலுக்கு நடந்தே போய்வரலாம். எல்லாம் இருந்தும், ஐப்பசி பிறந்தால் மனசு நிலைகொள்வதில்லை. மழை பிடித்துக்கொள்கிறது. புங்கையும் வேம்பும் தலைக்குக் குளித்த பச்சையில் நிற்கின்றன. கண் உதிர்வைத் தேடுகிற அதே மாதத்தில் ஊரே துளிர்க்கிறது. எல்லாரும் மழைக்காகச் சந்தோஷப்படும்போது நான் என்ன சொல்ல?

இங்கும் இலை உதிராமல் இல்லை. மாசியில் வேம்பு கொட்டும். அரசமரம் மொட்டையாகிச் செம்பு நிறத்தில் தளிர்விடும். தெருமுனையில் இருக்கும் நாட்டு வாதாமின் இலை, விழுவதற்கு முன் மேப்பிளுக்குக் கொஞ்சமும் குறையாத சிவப்பாகும். ஆனால் வேலைக்கு வரும் பெண் விடியுமுன்னே ஈர்க்குமாற்றால் கூட்டித் தள்ளி, தண்ணீர் தெளித்து, கோலமும் போட்டுவிடுகிறாள். நான் இறங்கி வரும்போது ராத்திரி ஏதாவது விழுந்ததா என்பதற்கே தடயம் இருக்காது. வாசல் சுத்தமாக இருக்க வேண்டியதுதான். இருந்தாலும், விழுந்தது ஒரு பொழுதாவது கிடக்கட்டுமே என்றிருக்கிறது.

அங்கே அது இரண்டு மாதக் காரியம். முதலில் வடக்கே தொடங்கும். 1893இல் ஏற்படுத்திய அல்கோன்குயின் பூங்காவில் செப்டம்பர் கடைசியிலிருந்து சுகர் மேப்பிள்கள் சிவக்கும். மகள் சின்னவளாக இருந்தபோது எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு, அறுபதாம் எண் நெடுஞ்சாலையில் வண்டிகளோடு வண்டியாக ஊர்ந்து போவோம். கூட்டமெல்லாம் அந்தச் சிவப்போடு திரும்பிவிடும். சிவப்பு கொட்டிய பிறகுதான் ஆஸ்பென் மரங்கள் பொன்னாகும் என்பது காத்திருக்கிறவர்களுக்குத்தான் தெரியும். அதுவும் போனபின், சதுப்பு ஓரங்களில் டாமரக் மஞ்சளாகும். ஊசியிலை மரம்தான், ஆனாலும் அத்தனை ஊசிகளையும் உதிர்த்துவிட்டு வெறுங்கிளையோடு நிற்கும்.

எங்கள் தெருவில் நின்றவை நார்வே மேப்பிள்கள். நோய் வந்து எல்ம் மரங்கள் செத்துப்போன பிறகு நகரமெங்கும் நட்ட ஐரோப்பிய மரம் அது. அழகென்று சொல்ல மாட்டேன். இலையில் தார் தெறித்ததுபோல் கறுப்புப் பூஞ்சைப் புள்ளிகள் இருக்கும். மற்ற மரங்கள் கலைந்த பிறகும் பச்சையாகவே நின்று, நவம்பர் நெருங்கும்போது மெதுவாக மஞ்சளிக்கும். அந்தப் புள்ளி விழுந்த மஞ்சள் இலைக்காகத்தான் இன்று ஏங்குகிறேன். அல்கோன்குயினுக்காக அல்ல.

அவர் இங்கே வேதியியல் ஆசிரியராக இருந்தவர். அங்கே ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கினார். பாடம் நடத்துகிற ஆசை தோட்டத்தில் வெளிப்படும். "இங்க பாரு, இந்த மஞ்சள் புதுசா வரல. ஆடி மாசமும் உள்ளதான் இருந்துச்சு, பச்சை மூடி வச்சிருந்துச்சு. சிவப்புதான் புதுசு. போகப்போற நேரத்துல சர்க்கரையிலேருந்து செஞ்சுக்குது." மரம் இலையைச் சும்மா கைவிடாது என்பார். பகல் குறையக் குறைய, நைட்ரஜன், பாஸ்பரஸ் என்று எடுக்க முடிந்ததையெல்லாம் கிளைக்குள் இழுத்துக்கொள்ளும். காம்படியில் ஒரு படலம் கட்டி, வரப்போகிற காயத்தை முன்கூட்டியே மூடும். காற்று பறிப்பதாக நாம் நினைக்கிறோம். காற்று வருமுன்பே எல்லாம் முடிவாகியிருக்கும். அடுத்த வசந்தத்தின் மொட்டோ கோடையிலேயே காம்போரம் வந்து உட்கார்ந்திருக்கும்.

பக்கத்து வீட்டில் உக்ரைன்காரப் பெரியவர் ஒருவர் இருந்தார். அவர் தோட்டத்துச் சிவப்பு ஓக்கின் பாதிக் கிளைகள் எங்கள் பக்கம்தான். முதல் வருஷம் நாங்கள் வாரி, பழுப்புக் காகிதப் பைகளில் அடைத்து, தெருவோரம் வரிசையாக வைத்த மறுநாளே தோட்டம் மறுபடி நிறைந்துவிட்டது. வேலிக்கு மேலாக அந்தக் கரகரத்த குரல் வந்தது: என்ன அவசரம், ஓக் முடிக்கட்டும். ஓக் சுலபத்தில் முடிக்காது. மேப்பிள் எல்லாம் வெறுமையான பிறகும் இலையைப் பழுப்பாக வைத்துக்கொண்டிருக்கும். தாழ்ந்த கிளைகளோ குளிர்காலம் முழுக்க விடாது. பனிக்காற்றில் காய்ந்த இலைகள் கலகலத்துக்கொண்டே இருக்கும். அதிலிருந்து எங்கள் வீட்டில் அது ஒரு பேச்சாகிவிட்டது. மகளுக்கு வரன் தள்ளிப்போனாலும் ஊருக்கு வர டிக்கெட் கிடைக்காவிட்டாலும் "ஓக் முடிக்கட்டும்" என்பார். இங்கே யாரிடம் அதைச் சொல்ல முடியும்? சொன்னால் விளக்க வேண்டும். விளக்கினால் போயிற்று.

வாத்துகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியவில்லை. கனடா வாத்துகள் தெற்கே கிளம்பும் நாட்களில், முதலில் தூரத்துக் கூச்சல் கேட்கும், பிறகு கூரைக்கு மேலே கோணல் கோடாக வந்துவிடும். ரேக்கைப் போட்டுவிட்டுக் கத்துவார்: "வெளிய வா, போறாங்க, போறாங்க!" யாரோ உறவுக்காரர்கள் ரயிலேறுவதுபோல. மாவுக்கையோடு ஓடுவேன். நான் வெளியே வருவதற்குள் பாதி நாள் அவை போயிருக்கும். அந்தக் குரல் என் காதில் இன்னும் இருக்கிறது, ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது. "போறாங்க" இருக்கிறது, "வெளிய வா" என்று அவர் இழுத்த இழுப்பு சரியாக நினைவுக்கு வரமாட்டேன் என்கிறது. குரலைத் தொலைத்தவர்களுக்குத் தெரியும். முகத்துக்குப் படம் இருக்கிறது. இதற்கு என்ன செய்வது?

கடைசி வருஷம் கட்டிலை ஜன்னலோரம் போட்டிருந்தோம். மகளைக் கூப்பிட்டு, வீட்டைச் சூடாக்கும் உலையின் வடிகட்டியை மாற்றக் கற்றுக்கொடுத்தார். காப்பீட்டுத் தாள்களை ஒரே கோப்பில் வைத்தார். கிடங்கில் உடன் வேலை பார்த்த பையனுக்குத் தன் பனிக் கோட்டைக் கொடுக்கச் சொன்னார். ஒவ்வொரு நாளும் ஒன்று. நான்தான் டாக்டரைப் பார்க்கும்போதெல்லாம், இன்னும் எத்தனை நாள் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அவர் கண்ணை மூடியபடி சொன்னார், "ஓக் முடிக்கட்டும்மா."

நவம்பர் கடைசியில் போனார். தாழ்ந்த கிளைகளில் இலை அப்படியே இருந்தது. ஏப்ரலில் புது மொட்டுகள் தள்ளத் தள்ள அவை விழுந்தன. நான்தான் வாரினேன்.

வீட்டை விற்றாயிற்று. பெரியவரும் இல்லை. எதையாவது அக்கரையில் விட்டு வந்த உங்களுக்கும் இந்தக் கணக்கு பழக்கமாகியிருக்கும்: அங்கே இப்போது மணி என்ன, குளிர் தொடங்கியிருக்குமா, யார் அந்த ஜன்னலைத் திறக்கிறார்கள். டொராண்டோவில் 30 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் அடிமர விட்டமுள்ள மரத்தைச் சொந்த நிலத்தில்கூட அனுமதியில்லாமல் வெட்ட முடியாது. ஓக் அதைவிடப் பருத்தது. அந்தச் சட்டத்தை நம்பித்தான் இருக்கிறேன். அந்தப் பக்கம் போனால் மரம் நிற்கிறதா என்று பார்த்துச் சொல் என்று மகளிடம் கேட்டிருக்கிறேன். வேலை நெருக்கடியில் அவளால் இன்னும் போக முடியவில்லை. நவம்பர் முடிந்தே போகட்டும், மேப்பிளெல்லாம் கொட்டிய பிறகு தெருவிலிருந்தே பழுப்பாகத் தெரியும் என்று சொல்லியிருக்கிறேன்.