உங்க கிளாஸ்ல ஒரு ஏலியன்!

உங்க கிளாஸ்ல ஒரு ஏலியன் இருக்கான்னு சொன்னா நம்புவீங்களா? பச்சைத் தோல், முட்டைக் கண்ணு, தலையில ஆன்டெனா... அதெல்லாம் கிடையாது பாஸ்! உங்களை மாதிரியே ஜீன்ஸ் போட்டுக்கிட்டு, உங்களை மாதிரியே அசைன்மென்ட்டைக் கடைசி நாள் ராத்திரி எழுதிக்கிட்டு, கடைசி பெஞ்சுல இடது ஓரமா உட்கார்ந்திருப்பான். நான் அப்படித்தான் மூணு வருஷம் உட்கார்ந்திருந்தேன்.

என் கதைக்கு அப்புறம் வர்றேன். முதல்ல ‘ரோஸ்வெல்’ கதை.

1999 அக்டோபரில் அமெரிக்காவின் டபிள்யூ.பி. சேனலில் ஆரம்பித்த டி.வி. தொடர் அது. நியூ மெக்சிகோ மாநிலத்தில் நிஜமாகவே இருக்கிற ரோஸ்வெல் என்கிற ஊர்தான் கதைக்களம். மேக்ஸ், அவன் சகோதரி இஸபெல், நண்பன் மைக்கேல்... மூணு பேரும் ஹைஸ்கூல் பசங்க. பார்த்தா மனுஷங்க, உள்ளுக்குள்ள ஏலியன்கள். மேக்ஸையும் இஸபெல்லையும் ஒரு நல்ல தம்பதி தத்தெடுத்து வளர்க்கிறாங்க. மைக்கேலுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சிடுமூஞ்சி வளர்ப்பு அப்பாகிட்ட மாட்டிக்கிட்டு முழிக்கிறான்.

முதல் எபிசோடு. ‘க்ராஷ்டவுன்’ என்கிற ஓட்டல்ல லிஸ் என்கிற பொண்ணு பரிமாறிக்கிட்டு இருக்கா. ரெண்டு கஸ்டமர்களுக்குள்ள சண்டை. துப்பாக்கி வெடிக்குது. குண்டு லிஸ் வயித்துல! ஓரமா உட்கார்ந்து அவளையே பார்த்துக்கிட்டிருந்த மேக்ஸ், மைக்கேல் தடுக்கத் தடுக்க ஓடிவந்து, காயத்து மேல கையை வைக்கிறான். காயம் மறைஞ்சுடுது. அடுத்த நொடி ஒரு கெச்சப் பாட்டிலை உடைச்சு அவ டிரெஸ் மேல ஊத்திட்டு, ‘கெச்சப் கொட்டிடுச்சுன்னு சொல்லு’ன்னு கெஞ்சிட்டு ஓடிடுறான்.

அந்தக் கெச்சப்தான் என்னை அப்படியே உட்கார வெச்சது. உயிரைக் காப்பாத்தினவன், திருடன் மாதிரி ஏன் ஓடணும்?

ஏன்னா, எனக்கும் ஒரு கெச்சப் பாட்டில் இருந்தது. ஏழு வயசுல பொன்னுக்கு வீங்கி வந்ததுல, என் இடது காது சுத்தமா கேட்காமப் போச்சு. வலது காது நூத்துக்கு நூறு ஓகே. அதனால வெளியில யாருக்கும் தெரியாது. தெரியாம நான் பார்த்துக்கிட்டேன். கிளாஸ்ல இடது ஓர சீட். பஸ்ல இடது பக்க ஜன்னல். நடந்து போனா எல்லாருக்கும் இடது பக்கம் நான். அப்பதானே பேசுறவங்க எனக்கு வலது பக்கம் வருவாங்க! கேன்டீன் மாதிரி சத்தமான இடத்துல எதுவும் புரியலைன்னா, ஒரு சிரிப்பு, ஒரு ‘சூப்பர் மச்சான்’. எந்தப் பேச்சுக்கும் பொருந்துற ஆல் இன் ஆல் பதில் அது. அப்படித்தான் நினைச்சிருந்தேன்.

2010. மூணாவது வருஷம். ஊருக்குப் போயிட்டு ஹாஸ்டலுக்குத் திரும்புற பஸ். செம கூட்டம். வலது பக்க ஜன்னல் சீட்தான் கிடைச்சது. என் ரூம்மேட் எனக்கு இடது பக்கம். பஸ் இரைச்சல், டிரைவர் போட்ட பாட்டு. அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு ரொம்ப நேரம் ஏதோ பேசினான். பேசி முடிச்சுட்டு என்னைப் பார்த்தான். நான் சிரிச்சேன். ‘‘சூப்பர் மச்சான், கலக்கு!’’

அன்னிக்கு ராத்திரியில இருந்து அவன் என்கிட்ட பேசலை. அவன் சொன்னது என்னன்னு நாலு நாள் கழிச்சு பக்கத்து ரூம் பையன் சொல்லித்தான் தெரிஞ்சது. அவங்க அப்பாவுக்கு ரெண்டாவது தடவையா ஹார்ட் அட்டாக். ‘இந்த செமஸ்டரோட படிப்பை நிறுத்திடலாம்னு இருக்கேன்டா’ன்னு சொல்லியிருக்கான். அதுக்குத்தான் நான் ‘கலக்கு’ன்னிருக்கேன்!

யோசிச்சுப் பாருங்க... ‘எனக்குக் கேட்கலைடா’ன்னு ரெண்டே வார்த்தை. அதைச் சொல்றதை விட, ‘இவன் கல்நெஞ்சக்காரன்’னு அவன் நினைச்சுக்கிட்டுப் போறதே மேல்னு எனக்குத் தோணுச்சு. அவ்வளவு பழகிப்போச்சு ஒளிஞ்சு வாழ்றது!

அந்த வாரம்தான் ஒரு சீனியர் ஹார்ட் டிஸ்க்ல ‘ரோஸ்வெல்’ கிடைச்சது. சப்டைட்டில் இருந்ததால பார்க்க உட்கார்ந்தேன். சப்டைட்டில்தானே என் நிரந்தர நண்பன்! மேக்ஸ் மாட்டிக்கிட்டது எப்படின்னு கவனிச்சேன். துரத்திப் பிடிச்சு யாரும் மாட்டிவிடலை. ஒருத்தியைக் காப்பாத்தப் போய் அவனே மாட்டிக்கிறான். லிஸ் கேட்டப்போ உண்மையைச் சொல்றான். பயந்து நடுங்கித்தான் சொல்றான். ஆனா அதுக்கப்புறம்தான் அந்த மூணு பேருக்கும் மனுஷங்கள்ல நண்பர்கள்னு சிலர் கிடைக்கிறாங்க.

சரி, நிஜ ரோஸ்வெல் கதை தெரியுமா? 1947-ல் அந்த ஊர் பக்கம் ஒரு பண்ணையில் வினோதமான சிதறல்கள் கிடைத்தன. ‘பறக்கும் தட்டு கிடைத்திருக்கிறது’ என்று அங்கிருந்த ராணுவ விமானத் தளமே ஜூலை 8-ம் தேதி அறிவித்தது. உடனே மேலிடம், ‘அது வெறும் வானிலை பலூன்’ என்று மாற்றிச் சொன்னது. 1994-ல் அமெரிக்க விமானப் படை வெளியிட்ட அறிக்கைதான் முடிச்சை அவிழ்த்தது. அது ‘மொகல்’ என்ற ரகசியத் திட்டத்தின் பலூன். சோவியத் யூனியன் அணுகுண்டு சோதனை செய்தால், அந்தச் சத்தத்தை வெகு தூரத்தில் இருந்தே ஒட்டுக் கேட்பதற்காக வானத்தில் பறக்கவிட்ட காது!

ஒரு காதை மறைக்கப் போய், ஊரே ஏலியன் கதை கட்டிடுச்சு பார்த்தீங்களா? என் விஷயத்துலயும் அதேதான். நான் மறைச்சது ஒரு பலூன். மறைச்சதனாலதான் அது பறக்கும் தட்டு ஆச்சு.

ஒன்பதாவது நாள் ராத்திரி, மொட்டை மாடியில அவன்கிட்ட சொன்னேன். அவன் ரொம்ப நேரம் எதுவும் பேசலை. அப்புறம், ‘‘மூணு வருஷமா ஒரே ரூம்ல இருக்கோம். இதைக்கூட சொல்ற அளவுக்கு நான் இல்லையா?’’ன்னு மட்டும் கேட்டான். என்கிட்ட பதில் இல்லை. அவன் கோபம் ஒரே நாள்ல போயிடலை. ஆனா மறுநாள் மெஸ்ல தட்டை எடுத்துக்கிட்டு வந்தவன், ஒண்ணும் சொல்லாம எனக்கு வலது பக்கமா வந்து உட்கார்ந்தான். படிப்பையும் அவன் நிறுத்தலை.

‘ரோஸ்வெல்’லுக்கும் இப்படி நண்பர்கள் இருந்தாங்க. அந்தத் தொடர்ல ஏலியன்களுக்கு இனிப்பும் காரமும் கலந்து சாப்பிடத்தான் பிடிக்கும். எதை எடுத்தாலும் டபாஸ்கோ சாஸ் ஊத்திக்குவாங்க. 2000-ல் தொடரை நிறுத்தப் போறாங்கன்னு பேச்சு வந்ததும், ரசிகர்கள் சேனல் ஆபீஸுக்கு ஆயிரக்கணக்கில் டபாஸ்கோ பாட்டில்களை அனுப்பிட்டாங்க! இரண்டாவது சீஸன் வந்தது. மூணாவது சீஸனுக்கு யூ.பி.என். சேனலுக்கு மாறி, 2002-ல் முடிஞ்சது. ஒளிச்சு வெச்சிருந்த அடையாளமே, கடைசியில அவங்களைக் காப்பாத்துற கொடியாச்சு!

எல்லா ரகசியத்தையும் எல்லார்கிட்டேயும் கொட்டிடுங்கன்னு நான் சொல்ல வரலை. மேக்ஸும் ஊருக்கே மைக் போட்டுச் சொல்லலை. ஒரே ஒருத்திகிட்டதான் முதல்ல சொன்னான். உங்களுக்கும் அந்த ஒருத்தர் பக்கத்து சீட்லயே இருக்கலாம்.

அப்புறம் இன்னொண்ணு... உங்க கிளாஸ்ல யாராவது எப்பவும் ஒரே சீட்டுக்கு அடம்பிடிச்சா, ‘சீன் போடுறான்’னு கிண்டல் பண்ணாதீங்க. சும்மா போய் பக்கத்துல உட்காருங்க. முடிஞ்சா, வலது பக்கமா!