விசைக்குப் பின்னால் ஒரு விளிம்பு

வேலூரிலிருந்து பள்ளிகொண்டா, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டி நீளும் ஊர்களில், படிப்பை முடித்த பிள்ளைகளின் முன்னால் காலங்காலமாக இரண்டு வேலைகள் நிற்கின்றன. ஒன்று டேனரி அல்லது ஷூ கம்பெனி. இன்னொன்று பட்டாளம். கணியம்பாடிக்குப் பக்கத்திலுள்ள கம்மவான்பேட்டைக்கு ‘ராணுவப்பேட்டை’ என்றே பெயர் விழுந்துவிட்டது. வீட்டுக்கு ஒருவராவது சீருடை போட்ட ஊர் அது. தோலும் துப்பாக்கியும் ஒரே மேசையில் கூடும் இடம் ஒன்று இருப்பதாக நண்பர் சொன்னதும் போய்ப் பார்க்க ஆசை வந்தது. வேலூர்ப் பக்கம், உரிமம் பெற்ற ஒரு துப்பாக்கிப் பழுதுபார்ப்புப் பட்டறை.

மேசையின் ஒருபுறம் பெரியவர். ராணுவத்தின் இ.எம்.இ. படைப்பிரிவில் ஆயுதங்களைப் பழுதுபார்க்கும் ஆர்மரராக இருந்து ஓய்வு பெற்றவர். மறுபுறம் முப்பது வயதைத் தொடும் ஓர் இளைஞர், முன்பு ஆம்பூரில் ஷூ கம்பெனி மெக்கானிக். பெரியவரை அவர் ‘உஸ்தாத்’ என்று அழைக்கிறார். பட்டாளத்தில் பயிற்சி தருபவரை அழைக்கும் அந்த வார்த்தை இங்கே பட்டறைக்குள்ளும் குடிவந்துவிட்டது.

அன்றைக்கு மேசைமேல் இருந்தது ஒரு ப்ருனோ .22 ரைபிள். செக்கோஸ்லோவாக்கியா என்றொரு நாடு இருந்த காலத்தில் செய்தது. எண்பதுகளின் நடுவில் தனியார் துப்பாக்கி இறக்குமதியை அரசு நிறுத்தியது. பெயர்பெற்ற போட்டியாளர்களுக்கு மட்டும் வழி விட்டது. அதனால் அதற்கு முன்னால் வந்திறங்கியவை உரிமம் மாறி மாறி, தாத்தாவிடமிருந்து பேரன் பேத்தி கைக்கு வந்துகொண்டிருக்கின்றன. இந்த ரைபிள் பேரணாம்பட்டுப் பக்கத்து டேனரிக் குடும்பம் ஒன்றுக்குச் சொந்தம். அந்த வீட்டுப் பெண் கல்லூரி மாணவி, 50 மீட்டர் போட்டிகளுக்குத் தயாராகிறார். விசை கனமாக இருக்கிறது, லேசாக்கித் தர வேண்டும் என்பது அவருடைய அப்பாவின் கோரிக்கை.

பெரியவர் முதலில் ரைபிளின் தோட்டா அறையைத் திறந்து காலியா என்று பார்த்தார். பிறகு சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பார்த்தார். இளைஞரிடம் நீட்டினார், அவரும் அதையே செய்தார். ரைபிள் கை மாறும் ஒவ்வொரு முறையும் இது நடந்தது. அதன்பின் சுட்டு முடித்த வெறும் தோட்டாக்குப்பி ஒன்றை அறைக்குள் வைத்தார். இந்தத் தோட்டாவில் நெருப்பைத் தொடங்கி வைக்கும் கலவை நடுவில் இல்லை, பித்தளைக் குப்பியின் அடி விளிம்புக்குள் சுற்றிலும் இருக்கிறது. 1887 முதல் .22 லாங் ரைபிள் தோட்டா இப்படித்தான். ஃபயரிங் பின் அந்த விளிம்பைத்தான் அடிக்கும். உள்ளே ஒன்றும் இல்லாமல் விசையை இழுத்தால், பழைய ரைபிள்கள் பலவற்றில் பின்னின் அடி நேராக அறையின் எஃகு ஓரத்தில் விழும். நாளடைவில் அங்கே பள்ளம் விழுந்து குப்பி உள்ளே போகவும் வெளியே வரவும் அடம்பிடிக்கும். வெறும் ரைபிளை ‘டிக் டிக்’ என்று இழுத்துப் பழகியவர்களின் ரைபிள்கள்தான் தன்னிடம் அதிகம் வருகின்றன என்றார்.

எடையை அளக்க ஒரு கொக்கி. அதன் வளைவில் தோல் சுற்றியிருந்தது. ரைபிளைச் செங்குத்தாகப் பிடித்து, கொக்கியை விசையில் மாட்டி, கீழே எடைக்கற்களை ஒவ்வொன்றாக ஏற்றினார்கள். 2 கிலோ 700 கிராமில் விட்டது. மறுபடி அளந்தபோது 2 கிலோ 400. அடுத்தது 2 கிலோ 900.

“கனம் ஒரு பிரச்சினையே இல்ல சார். ராணுவ ரைபிள்ல இதே கனம் இருக்கும், பசங்க அதுலயும் அடிப்பாங்க. இது ஒரு நேரம் இங்க விடுது, ஒரு நேரம் அங்க விடுது. எப்ப விடும்னு விரலுக்குத் தெரியல. அதான் பிரச்சினை.”

கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு இது உடனே புரியும். லீ என்ஃபீல்டு ரைபிளை .22-க்கு மாற்றிய பழைய பயிற்சித் துப்பாக்கிகளில் விசையை இரண்டு கட்டமாக இழுக்கச் சொல்லித் தருவார்கள். முதல் இழுப்பு லேசாக வரும், பிறகு ஒரு சுவரில் முட்டி நிற்கும். மூச்சை நிறுத்தி, அந்தச் சுவரை மெல்ல அழுத்தினால் குண்டு போகும். சுவர் எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரிந்திருப்பதுதான் அங்கே முழுப் பாடமும்.

கணக்காகச் சொல்கிறேன். ரைபிளின் பின் குறிநோக்கிக்கும் முன் குறிநோக்கிக்கும் இடையே 70 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். விரல் இழுத்த இழுப்பில் குழாயின் நுனி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு நகர்ந்தால், 50 மீட்டர் தொலைவில் அது 7 மில்லிமீட்டர் ஆகிறது. சர்வதேசப் போட்டி இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 10.4 மில்லிமீட்டர். மையத்திலிருந்து விளிம்புக்கு ஐந்தே மில்லிமீட்டர்தான். கண்ணால் பார்க்க முடியாத ஒரு நடுக்கம் பத்தை ஒன்பதாக்கிவிடக்கூடும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் இந்தியாவின் ஸ்வப்னில் குசாலே 451.4 புள்ளியுடன் வெண்கலம் வென்றதும் இதே .22 தோட்டாவில்தான். மண்டியிட்டு, படுத்து, நின்று என்று ஒவ்வொரு குண்டுக்கும் அவர் விரல் அந்த ஒரே விளிம்பைத் தேடிக்கொண்டிருந்திருக்கும்.

விளிம்பு என்றால் உண்மையிலேயே விளிம்பு. தோட்டா அறையை மூடும் போல்ட்டை இயக்கும்போது ஸ்பிரிங் சுருங்குகிறது. அதன் முழு வேகத்தோடு பாயத் துடிக்கும் ஃபயரிங் பின்னை ஒரு சிறிய எஃகுப் படி தடுத்து நிறுத்துகிறது. அதன் பெயர் ஸியர். விசையை இழுக்கும்போது அந்தப் படி மெல்ல நழுவி, கடைசி மயிரிழையில் விடுபடுகிறது. இளைஞர் ஸியரைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். உரசும் பகுதி பென்சில் முனையைவிடக் கொஞ்சம்தான் பெரிது. அதன்மேல் நீல மை தடவி மாட்டி, சில முறை இழுத்துவிட்டுக் கழற்றினார். மை ஒரு மூலையில் மட்டும் அழிந்திருந்தது. முழு முகமும் தொட வேண்டிய இடத்தில் ஒரு மூலை மட்டும் தொட்டுக்கொண்டிருந்திருக்கிறது. மிச்ச இடத்தில் பழைய எண்ணெய் பிசினாகக் காய்ந்து கிடந்தது. விசை நாளுக்கொரு விதமாக நடந்துகொண்டதன் காரணம் இவ்வளவுதான்.

இனிமேல்தான் ஷூ கம்பெனியின் கை வேலை செய்தது. ஆம்பூரில் அவர் பார்த்தது ஸ்கைவிங் மெஷின்களை. ஷூவின் மேல்பாகத்துக்கு வெட்டிய தோலின் ஓரத்தை, மடித்துத் தைக்க வசதியாக, சீவி மெல்லிசாக்கும் மெஷின் அது. மணி வடிவக் கத்தி சுழலும். தோலை அழுத்திப் பிடிக்கும் பாதத்தை ஓர் இழை அதிகம் நெருக்கினால் தோல் கிழியும், விட்டால் தடிக்கும். ஒரு மெஷின் சரியில்லை என்றால் கீழ்வரிசையில் போஸ்ட் பெட் தையல் மெஷினில் காத்திருக்கும் பெண்களுக்கு வேலை நின்றுவிடும். தோலில் ஒருமுறை விழுந்த தவறான தையல் ஓட்டை மூடாது என்பதால் அங்கே எல்லோருக்கும் கை பதமாக இருந்தாக வேண்டும். அந்தக் கையைப் பார்த்துத்தான் பெரியவர் இவரைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார்.

மெல்லிய கல்லில் ஒரு துளி எண்ணெய். ஸியரைச் சிறு சட்டத்தில் பொருத்தி, கல்லை அதன்மேல் ஓடவிட்டார். அழுத்தவே இல்லை, கல்லின் எடை மட்டும். சில இழுப்புக்குப் பிறகு துடைத்து, லென்ஸில் பார்த்து, மறுபடி மை. பெரியவர் அவ்வப்போது “போதும்” என்பார்; இளைஞர் நிறுத்துவார். நான் ஏன் என்று கேட்டேன். எஃகின் மேல்தோல் மட்டும்தான் கடினமாக்கப்பட்டது, உள்ளே மெத்தென்ற எஃகு என்றார். ஆசைப்பட்டு அந்த மேல்தோலைத் தேய்த்துவிட்டால் விசை அன்றைக்கு அற்புதமாக இருக்கும். சில மாதங்களில் உள் எஃகு தேய்ந்து, போல்ட்டைச் சாத்தும் அதிர்ச்சியிலேயே படி நழுவும். யாரும் விசையைத் தொடாமல் துப்பாக்கி வெடிக்கும்.

“எவ்வளவு எடுக்கணும்னு யார் வேணா சொல்லித் தரலாம் சார். எங்க நிறுத்தணும்னு கல்லைப் பிடிச்சாத்தான் வரும்.”

இந்த ஒரு காரணத்துக்காகவே, இணையத்தில் படம் பார்த்து ஸ்பிரிங்கை வெட்டுபவர்களை நினைத்தால் எனக்கு உள்ளபடியே பயமாக இருக்கிறது. சட்டமும் தெளிவாக இருக்கிறது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் துப்பாக்கியின் உதிரிபாகமும் ஆயுதம்தான். பழுதுபார்க்கவும் சோதிக்கவும் ஐந்தாம் பிரிவின்படி உரிமம் வேண்டும். வெளிநாட்டு ‘ட்ரிகர் கிட்’டைச் சாதாரணப் பார்சலாக வரவழைக்கலாம் என்று நினைப்பவர்கள் எந்தக் குற்றத்துக்குள் கால் வைக்கிறோம் என்றே அறியாமல் இருக்கிறார்கள்.

பட்டறை முழுக்கத் தோல். வைஸின் இரண்டு தாடைகளிலும் தடித்த தோல் ஒட்டியிருக்கிறது, எஃகில் கீறல் விழாமல் இருக்க. சின்னப் பின்களுக்குக் கடைசி மெருகு தோல் பட்டையில். எல்லாம் டேனரிகளில் கழித்துப்போட்ட துண்டுகள்தானே என்றேன். இளைஞர் மறுத்தார். ஷூவுக்குப் போகும் தோல் பெரும்பாலும் குரோம் போட்டது. அதில் தங்கும் உப்பு ஈரம் பட்டால் எஃகைத் துரு பிடிக்கச் செய்யும். இங்கே இருப்பது பட்டைத் தோல். ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் பதப்படுத்தி ‘இ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல்’ என்ற பெயரில் ஒரு காலத்தில் கப்பல் கப்பலாகப் போன வகை. பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியை எழுபதுகளில் அரசு கட்டுப்படுத்திய பிறகு குரோமும் முழுமை செய்த தோலும் ஷூவும் இந்தப் பகுதியின் முகமாகிவிட்டன. பட்டைத் தோல் போடும் ஷாப்புகள் குறைந்துபோயின. ரைபிளைத் தாங்கும் வாருக்கும் இளைஞர் பட்டைத் தோலைத்தான் தேடி வாங்குகிறார். அதுவும் ஈரம் குடிக்கும். மழைக்காலத்தில் தோல் உறைக்குள் ரைபிளைப் பூட்டி வைக்காதீர்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார்.

வேலூரில் தோலையும் துப்பாக்கியையும் சேர்த்துப் பேசினால் 1806 நினைவுக்கு வராமல் இருக்காது. அந்த ஆண்டு ஜூலை 10 அன்று கோட்டைக்குள் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததற்குப் புதிய தலைப்பாகையும் அதில் வைக்கச் சொன்ன தோல் குஞ்சமும் ஒரு காரணம். பெரியவர் அதைத் தன் பாட்டனார் காலத்துச் செய்தி போலச் சொன்னார்.

பிற்பகலில் ரைபிள் திரும்பச் சேர்ந்தது. மை இப்போது முகம் முழுக்கச் சீராக அழிந்தது. விசை ஸ்பிரிங்கின் இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்தி அளந்தார்கள். 1 கிலோ 300. மீண்டும் 1 கிலோ 300. அடுத்து 1 கிலோ 320. இழுத்துப் பார்க்கச் சொன்னார். விரல் ஒரு நொடி சுவரில் நின்றது. பிறகு, கண்ணாடிக் குச்சி முறிவது போல விட்டது.

அதன்பின் அவர்கள் செய்தது கொஞ்சம் முரட்டு வேலை. அறையில் வெறும் குப்பி, போல்ட் பூட்டியிருக்கிறது. ரப்பர் விரிப்பின்மேல் ரைபிளின் கட்டையை ஓங்கி இடித்தார்கள். பக்கவாட்டில் கைச்சுத்தியின் மரப்பிடியால் தட்டினார்கள். போல்ட்டை வேண்டுமென்றே அறைந்து சாத்தினார்கள். சேஃப்டியைப் போட்டு விசையை இழுத்து, விட்டு, சேஃப்டியை எடுத்துப் பார்த்தார்கள். ஸியர் நழுவவில்லை. இதில் ஒன்று தவறினாலும் காலையிலிருந்து செய்ததையெல்லாம் பிரித்துப் போட்டிருப்பார்கள். பட்டறையின் மிக முக்கியமான பதினைந்து நிமிடம் இதுதான் என்பது என் எண்ணம்.

அந்தப் பெண்ணின் அப்பா வந்தார். ஜெர்மனியின் ஆன்ஷூட்ஸ் ரைபிள்களில் நூறு கிராம் அளவுக்குக்கூட விசை வைக்கிறார்களாமே, இன்னும் இறக்கலாமே என்றார். பெரியவர் பொறுமையாக, ஆனால் அசையாமல் பதில் சொன்னார். 50 மீட்டர் ரைபிளுக்கு விசை எடையில் போட்டி விதி கீழெல்லை வைக்கவில்லை என்பது உண்மை. 25 மீட்டர் பிஸ்டலுக்குத்தான் ஒரு கிலோ கட்டாயம். ஆனால் நூறு கிராம் விசைக்கென்றே பல நெம்புகோல்களோடு பிறந்த அமைப்பு வேறு, கழனிக்காட்டிலும் தூக்கிப் போவதற்காகச் செய்த இந்த ரைபிளின் ஒற்றைப் படி வேறு. “இதுக்கு மேல எடுத்தா நான் கையெழுத்துப் போட மாட்டேன் அண்ணே. பாப்பா பக்கத்துல இன்னும் நாலு பிள்ளைங்க படுத்திருக்கும்.” அப்பா அதற்குமேல் பேசவில்லை. பதிவேட்டில் ரைபிள் எண், உரிம எண், செய்த வேலை, முன்னும் பின்னும் இருந்த எடை எல்லாம் ஏறின.

சுடுதளத்தில் அந்தப் பெண் வாரை மேற்கையில் இறுக்கிப் படுத்துச் சுட்டதைப் பிறகு பார்த்தேன். குண்டுக் கூட்டம் பெரிதாகச் சுருங்கிவிடவில்லை. வலப்பக்கம் தனியே ஓடும் குண்டுகள் மட்டும் அநேகமாக நின்றிருந்தன. எப்படி இருக்கிறது என்று கேட்டேன். “முன்னாடி தப்பாப் போனா துப்பாக்கி மேல சந்தேகம் வரும் சார். இப்ப நான்தான் அவசரப்பட்டேன்னு உடனே தெரியுது” என்று சொல்லிவிட்டு அடுத்த தோட்டாவை எடுத்தார்.

பெரியவருக்கு வயதாகிறது. உரிமம் அவர் பெயரில் இருக்கிறது. பட்டாளத்துக்கு வெளியே இந்த வேலையைக் கைபிடித்துக் கற்றுத் தருபவர்கள் அரிது. என்.சி.சி.யில் ஆண்டுதோறும் எத்தனையோ பிள்ளைகள் .22 சுடப் பழகும் நாட்டில், அந்த ரைபிளைத் திறந்து மூடத் தெரிந்த கைகளை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆம்பூரில் வாங்கிய சம்பளத்தைவிட இங்கே குறைவு என்றாலும் இளைஞர் திரும்பிப் போவதாக இல்லை. சொந்தப் பெயரில் உரிமத்துக்கு விண்ணப்பிக்கக் காகிதங்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார். உஸ்தாதின் கீழ் செய்த வேலைகளின் பதிவுகளை அதோடு இணைக்க முடியுமா என்று ஒரு வக்கீலிடம் கேட்டிருக்கிறார். பதில் வரும்வரை ஒவ்வொரு ஸியரும் பெரியவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதுதான் கல்லைத் தொடும்.