முட்டை உரிக்க ஏழு நிமிடம்

கதவில் ஒரு வெள்ளைத்தாள் ஒட்டியிருந்தது. "பார்க்க வருபவர்கள் நாற்காலியை விட்டு எழ வேண்டாம். குழந்தைகளை நீங்களாகக் கூப்பிட வேண்டாம். அழுதாலும் தூக்க வேண்டாம்." சென்னை இந்திரா நகர் பறக்கும் ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. பழைய மாடி வீடு, வாசலில் ஒரு கொய்யா மரம். ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயது வரையுள்ள குழந்தைகளுக்கான மாண்டிசோரி இல்லம். பெயரைப் போடக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் உள்ளே விட்டார்கள்.

மணி எட்டே முக்கால். ஒரு பாட்டி பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். வாசலில் நின்ற ஆசிரியையை எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். "இறக்கி விடுங்க பாட்டி, அவனே வருவான்" என்றார் அக்கா. "மூணு படி இருக்கேம்மா?" என்று கேட்டுக்கொண்டே பாட்டி இறக்கிவிட்டார். பையன் கையை ஊன்றி ஏறினான். மேலே உட்கார்ந்து செருப்பின் வெல்க்ரோ பட்டையைப் பிய்த்தான், ஒட்டினான், மறுபடி பிய்த்தான். செருப்பு இரண்டும் பலகைக்குப் போக நான்கு நிமிடம் ஆனது. அதற்குள் பாட்டியின் கை இரண்டு தடவை முன்னால் போய்த் திரும்பிவிட்டது.

உள்ளே சாமான்கள் எல்லாம் என் முழங்காலுக்குக் கீழே இருந்தன. பை மாட்டும் கொக்கி, கண்ணாடி, அலமாரி, கை கழுவும் பேசின், எல்லாமே. பினாயில் வாசனை இல்லை, தேங்காய் நார்ப் பாயின் வாசனைதான். டிவி கிடையாது, சுவரில் கார்ட்டூன் கிடையாது. என் உயரத்துக்கு இருந்தது ஒன்றே ஒன்று, மரியா மாண்டிசோரியின் படம். அந்த அம்மையார் 1939-இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் அடையாறுக்கு வந்தார். முதல் பயிற்சிக்கே 300 பேருக்கு மேல் சேர்ந்தார்கள். அடுத்த ஆண்டு இத்தாலி போரில் இறங்கியதும் பிரிட்டிஷ் அரசுக்கு அவர் எதிரி நாட்டுக்காரராகிவிட்டார். கொஞ்ச காலம் கொடைக்கானலிலும் இருந்து, 1946-இல்தான் ஐரோப்பா திரும்பினார்.

தொலைபேசியில் என்னிடம் இரண்டு விஷயம் சொல்லியிருந்தார்கள். இங்கே குழந்தைகள் அழுவதில்லை என்பது ஒன்று. எதைச் செய்வது என்பது முழுக்க முழுக்கக் குழந்தையின் விருப்பம் என்பது இன்னொன்று.

முதலாவது பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் குழந்தை கதவைப் பார்த்து அழ ஆரம்பித்து, அரை மணிக்கு மேல் அழுதாள். ஆனால் யாரும் பொம்மையை ஆட்டிக் காட்டவில்லை, 'அதோ பாரு காக்கா' என்று ஏமாற்றவில்லை. ஓர் அக்கா பக்கத்தில் தரையில் உட்கார்ந்து முதுகில் கை வைத்துக்கொண்டார். "அம்மா போயிட்டாங்க. மத்தியானம் வருவாங்க." இதையே திரும்பத் திரும்பச் சொன்னார். கடைசியில் தூக்கியும் கொண்டார். வாசல் தாளில் இருக்கும் விதி எங்களைப் போன்றவர்களுக்கு மட்டும்தான் போலிருக்கிறது.

இரண்டாவதும் அப்படியே இல்லை. அலமாரியில் ஒவ்வொரு தட்டும் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அரிசியை ஒரு குவளையிலிருந்து இன்னொன்றில் ஊற்றும் தட்டு வேண்டுமென்றால், வைத்திருப்பவன் கொண்டுபோய் வைக்கும்வரை நிற்க வேண்டும். "பட்டாணி உரிக்கிறியா, மேஜை துடைக்கிறியா?" என்று கேட்கிறார்கள். இரண்டும் வேண்டாம் என்றால் சும்மா உட்காரலாம். அடுத்தவனுடைய தட்டைத் தட்டிவிடக் கூடாது. விருப்பம் உண்டு, வேலியும் உண்டு. இந்த முறையில் எனக்குப் பிடித்தது வேலிதான். விளம்பரத் தாளில் விருப்பத்தைத்தான் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

தண்ணீர் குடிக்கக் கொடுப்பது நிஜமான கண்ணாடி டம்ளர். ஒன்பதரை மணிக்கு ஒன்று கீழே விழுந்தது. நான் பாதி எழுந்துவிட்டேன். "உடைஞ்சிருச்சு. எல்லாரும் அங்கேயே நில்லுங்க" என்று அக்கா சாதாரணக் குரலில் சொன்னார். போட்ட பையனை யாரும் திட்டவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. அவன் பார்க்கப் பார்க்கக் கூட்டி அள்ளினார்கள். பிறகு அவன் கையில் இன்னொரு கண்ணாடி டம்ளரையே கொடுத்தார்கள். பாராட்டும் அப்படித்தான். பத்து தடவை சிந்தாமல் அரிசி ஊற்றிய குழந்தைக்குக் கைதட்டல்கூட இல்லை. எனக்கு அது கொஞ்சம் வறட்சியாகத்தான் பட்டது. ஆனால் அந்தக் குழந்தை யாரையும் நிமிர்ந்து பார்க்கவே இல்லை. பதினோராவது தடவையும் ஊற்றினாள்.

பத்தரை மணிக்கு முட்டை வந்தது. சின்ன மேஜை, ஒரு நாற்காலி, ஒரு அவித்த முட்டை, ஓடு போட ஒரு கிண்ணம். இரண்டரை வயது இருக்கும் ஒருத்தி ஏப்ரன் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். தட்டினாள், நகத்தால் கிள்ளினாள், ஓடோடு வெள்ளைக்கருவும் கொஞ்சம் பெயர்ந்து வந்தது. ஏழு நிமிடம். அக்கா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றிருந்தார். உரித்து முடித்தவள் நாலாக வெட்டி, ஒரு துண்டைத் தான் தின்றுவிட்டு மீதியை மற்றவர்களுக்குக் கொண்டுபோய் நீட்டினாள்.

கிளம்பும்போது கட்டணம் கேட்டேன். மாதம் 11,500 ரூபாய், மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கட்ட வேண்டும். 12 குழந்தைகள், இரண்டு அக்காக்கள், உதவிக்கு ஒருவர். பணம் எதற்குப் போகிறது என்று அந்த முட்டை மேஜையைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவசரப்படாமல் நிற்கும் பெரியவர்களுக்குத்தான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1907 ஜனவரியில் மாண்டிசோரி தன் முதல் இல்லத்தைத் திறந்தது பணக்காரர்களுக்காக அல்ல. ரோமில் சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில். தாயும் தகப்பனும் வேலைக்குப் போய்விட, தனியாகக் கிடந்த பிள்ளைகள் கட்டடத்தைப் பாழாக்குகிறார்கள் என்று கட்டடக்காரர்கள் கவலைப்பட்டதில் பிறந்தது அது. ஐம்பது பிள்ளைகளுக்கு மேல் இருந்தார்கள். நம் ஊரில் அதற்கு நெருக்கமான இடம் எது என்று யோசித்தால் அங்கன்வாடிதான். ஒரு கிலோமீட்டர் தள்ளி ஒன்று இருந்தது. நடந்தேன்.

பதினொன்றரை மணி. ஒற்றை அறை, ஓரத்தில் சமையல். வெந்த சோற்றின் ஆவி கதவுக்கு வெளியிலேயே முகத்தில் அடித்தது. பாயில் 19 குழந்தைகள். டீச்சர் ஒருவர், ஆயா ஒருவர். கட்டணம் கிடையாது. சுவரில் 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' பாடத்திட்டத்தின் படங்கள், எடை பார்க்கும் கருவி, அடுக்கடுக்காகப் பதிவேடுகள். ஒழுங்கு இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஒரு மூன்று வயதுப் பையன் தட்டுகளை நெஞ்சோடு அணைத்து வந்து ஆளுக்கொன்றாக வைத்தான், யாரும் சொல்லாமலே. கை கழுவ வரிசையில் நின்றார்கள். செருப்புகள் சுவரோரம் ஜோடி ஜோடியாக இருந்தன.

டீச்சர் பாட்டை ஆரம்பித்து இரண்டு வரி போவதற்குள் போனை எடுத்தார். "போஷன் டிராக்கர் ஆப்ல பதிவை ஏத்தணும் சார். நெட்வொர்க் இருக்கறப்பவே முடிச்சாத்தான் உண்டு." மிச்சப் பாட்டைப் பிள்ளைகளே இழுத்துக்கொண்டு போனார்கள்.

அன்று முட்டை நாள். ஆயா பேசினைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு உரித்தார். ஒரு தட்டு, ஒரு உருட்டு, ஓடு கழன்று வந்தது. 19 முட்டையும் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது.

"இவங்களே உரிக்க மாட்டாங்களாம்மா?" என்று கேட்டேன்.

"ஏன் உரிக்காதுங்க? போன வாரம் ரெண்டு பேர்கிட்ட குடுத்துப் பார்த்தேன், அழகா உரிச்சுதுங்க. எல்லாத்துக்கும் குடுத்துட்டு நான் உக்காந்து பார்த்துக்கிட்டிருந்தா சோத்தை யாரு போடறது? அதோ, டீச்சர் இன்னும் போனை வைக்கல."