முதலில் எர்த்தைப் பார்ப்பேன்

தை அறுப்பு முடிந்து, கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்கு வங்கியில் பணம் ஏறிய பிறகுதான் திருவிடைமருதூரில் எனக்கு கேமிங் கம்ப்யூட்டர் சீசன். பையன் போனில் ஒரு பட்டியலோடு வருவான், பின்னாலேயே அப்பா வருவார். பட்டியலில் பிராசஸர் இருக்கும், கிராபிக்ஸ் கார்டு இருக்கும், கலர் கலராக எரியும் ஃபேன்கூட இருக்கும். எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் என்ற இடத்தில் மட்டும் கம்பெனிப் பெயரே இல்லாமல் '450 வாட்' என்று போட்டிருக்கும். நான் ஆரம்பிப்பது அந்த வரியில்தான். அதற்கும் முன்னால் ஒரு வேலை உண்டு. வீட்டுக்குப் போய் பிளக்கைப் பார்த்துவிட்டு வருவேன்.

பழைய ஓட்டு வீடுகளில் மூன்று ஓட்டை பிளக் மாட்டியிருப்பார்கள், ஆனால் மேல் ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் கரண்டின் இரைச்சலை வடிகட்டும் சின்ன கெபாசிட்டர்கள் இரும்புப் பெட்டியோடு இணைந்திருக்கும். எர்த் இருந்தால் அவற்றில் கசிவது மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் கேபினட்டிலேயே தங்கிவிடும், வெறுங்காலோடு தொட்டால் எறும்பு கடித்த மாதிரி சுள்ளென்று இருக்கும். "அது ஒண்ணும் பண்ணாதுண்ணே" என்று பையன்கள் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்வதில்லை. மல்டிமீட்டரில் பேஸுக்கும் எர்த்துக்கும் 230 காட்டவேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் போகக்கூடாது. அது சரியில்லாமல் நான் பெட்டியை இறக்குவதே கிடையாது.

இந்தப் பக்கத்தில் இன்னொன்றும் உண்டு. மும்முனை கரண்ட் வந்ததும் வயல்களில் மோட்டார்கள் ஒன்றாக ஓடத் தொடங்கும். லைனின் கடைசியில் இருக்கிற வீட்டில் 230 என்பது 180க்கு இறங்கியதை நானே மீட்டரில் பார்த்திருக்கிறேன். அதனால் எஸ்எம்பிஎஸ் லேபிளில் முதலில் இன்புட் வரியைப் படிப்பேன். 100 முதல் 240 வரை என்று இருந்தால் 180ஐத் தாங்கும். 200க்கு மேல்தான் என்று இருந்தால் அது நம் ஊருக்கு ஆகாது. அடுத்தது 12 வோல்ட் வரி. பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் தின்பது அதிலிருந்துதான். 450 வாட் என்று பெரிதாக அச்சடித்துவிட்டு, 12 வோல்ட்டில் 18 ஆம்பியர் என்று கீழே பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். பெருக்கினால் 216 வாட்தான் வரும். நல்ல 550 வாட் பெட்டியில் 45 ஆம்பியருக்குப் பக்கத்தில் இருக்கும்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு பையனின் நஷ்டத்தில். கடை போட்ட புதிதில், பணத்தை மிச்சம் பிடிக்கலாமே என்று கேபினட்டோடு சேர்ந்து வந்த எஸ்எம்பிஎஸ்ஸையே மாட்டிக் கொடுத்தேன். ஐப்பசி மழையில் கரண்ட் போய்ப் போய் வந்த ஒரு ராத்திரி அது வெடித்தது, மதர்போர்டும் கூடவே போனது. பிரித்துப் பார்த்தேன். உள்ளே சர்க்யூட் போர்டில் இரைச்சலை வடிகட்டும் காயிலுக்கான வட்டம் அச்சாகியிருந்தது, காயில் இல்லை. அந்த இடத்தில் ஒரு கம்பித் துண்டை வளைத்துப் பற்றவைத்திருந்தார்கள். மதர்போர்டை என் பணத்தில் மாற்றிக் கொடுத்தேன். அன்றிலிருந்து எஸ்எம்பிஎஸ்ஸைக் கையில் தூக்கி எடை பார்க்காமல் வாங்குவதில்லை.

போன தையில் ஓர் அப்பா கேட்டார், "ஏன் தம்பி, கரண்ட் டப்பாவுக்கா நாலாயிரம்? அதைக் கொறைச்சா வேற நல்லதா ஏதாவது போடலாமுல்ல?"

"ஐயா, மோட்டாருக்கு ஸ்டார்ட்டர் வாங்கும்போது கொறைப்பீங்களா?" என்றேன். அவர் அதற்குமேல் பேசவில்லை.

மற்றதெல்லாம் மானிட்டரிலிருந்து பின்னோக்கி வரும் கணக்கு. பையன்கள் வாங்குவது 1080 மானிட்டர். அதில் வேலோரண்ட்டும் ஜிடிஏ 5ம் ஆட 8 ஜிபி கார்டு தாராளம். கோர் ஐ5 12400, ஆர்எக்ஸ் 6600, 8 ஜிபி ரேம் இரண்டு, ஒரு என்விஎம்இ எஸ்எஸ்டி. இந்தக் கூட்டணியை நான் பலமுறை கட்டியிருக்கிறேன். பிராசஸர் முழு மூச்சில் 117 வாட், கார்டு 132 வாட், மற்றதையும் சேர்த்தால் 300ஐத் தாண்டாது. ரேமை 16 ஜிபி ஒற்றைக் குச்சியாகக் கேட்டால் தரமாட்டேன். இரண்டு குச்சி என்றால் இரண்டு மடை திறந்த மாதிரி. விலை குறைவென்று ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கேட்பவர்களிடம் பழைய போர்டா என்று விசாரிப்பேன். அந்தக் கார்டுக்கு போர்டோடு பேச நாலே பாதைதான், பிசிஐஇ மூன்றாம் தலைமுறை போர்டில் அதன் வேகமும் பாதியாகிவிடும்.

12400எஃப் என்று எஃப் சேர்த்து வாங்கினால் கொஞ்சம் மிச்சமாகும். ஆனால் அதில் படம் காட்டும் பகுதி கிடையாது. கார்டு பழுதாகி வாரன்டிக்குப் போனால், திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை கும்பகோணத்தில் இன்ஜினியரிங் படிக்கிற பையன் புராஜெக்டை எதில் செய்வான்? வீட்டில் ஒரே கம்ப்யூட்டர் என்றால் எஃப் இல்லாததைத்தான் கட்டாயப்படுத்துவேன்.

பழைய கார்டு விஷயத்தில் நான் கறார். 2022 செப்டம்பரில் எத்தீரியம் மைனிங் நின்றதும், இரவு பகலாக ஓடிய கார்டுகள் சென்னை ரிச்சி தெருவில் குவிந்தன. ஃபேனை விரலால் சுற்றிப் பார்ப்பேன், ஒரு மணி நேரம் முழு லோடில் ஓட விடுவேன், அப்புறம்தான் விலை பேசுவேன்.

யு.பி.எஸ்ஸில் பலரும் ஏமாறுகிறார்கள். 600 வி.ஏ. என்பது பெரும்பாலும் 360 வாட்தான். வீட்டு இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் என்றால் நல்ல எஸ்எம்பிஎஸ்ஸே அதில் தடுமாறி அணைந்துபோகும். சைன் வேவ் இருந்தால்தான் அதில் மாட்டச் சொல்வேன்.

கேபினட்டுக்கு முன்பக்க வலை கழற்றும்படி இருக்கவேண்டும். அறுப்பு மெஷின் ஓடிய வாரத்தில் ஒரு வீட்டில் அதைக் கழற்றினேன். நெல் சுணை கம்பளி மாதிரி படிந்திருந்தது, உரித்தால் ஒரே தகடாக வந்தது. பையன் ஒரு மாதமாக கேம் திக்குகிறதென்று டிரைவரை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தான். வலையைக் கழுவிக் காயவைத்து மாட்டியதும் சூடு இறங்கியது.

ஸ்டார்ட்டர் கதை கேட்ட அந்த அப்பா, நான் சொன்னபடியே கொல்லையில் குழி வெட்டி, குழாயை இறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடினார். மீட்டரில் அளவு சரியாக வந்த பிறகுதான் பெட்டியைக் கொண்டுபோய் வைத்தேன். கிளம்பும்போது பையனிடம், சித்திரையில் மண் காய்ந்தால் எர்த் பிடிக்காது, வாரத்துக்கு ஒரு குடம் ஊற்று என்றேன். பையன் மானிட்டரை விட்டுத் தலையைத் திருப்பவில்லை. "நான் ஊத்திக்கிறேன் தம்பி" என்று அப்பா குடத்தைக் குழிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்.