கப்பல் மேல் போட்ட பழி

தம்பிக்கு ஏன் இத்தனை வருஷம் வைத்தியம் பார்க்கவில்லை என்று கேட்டவர்களிடம் கப்பலைத்தான் காரணம் சொன்னேன். அந்தமானில் எங்கள் ஊரான ஹட் பேயில் அதை யாரும் மறுக்க மாட்டார்கள். மனநல மருத்துவரைப் பார்க்க போர்ட் பிளேர் போக வேண்டும். நடுவில் நூறு கிலோமீட்டருக்கு மேல் கடல். காற்றும் மழையும் சேர்ந்தால் கப்பல் ரத்து.

ஆனால் அக்கா வீட்டுக்காரருக்குச் சிறுநீரகத்தில் கல் என்றபோது, கையைக் காலைப் பிடித்து அதே கப்பலில் டிக்கெட் வாங்கியவன் நான்தான். தம்பிக்கு டிக்கெட் கிடைக்கவில்லை என்பது பொய். நான் கேட்கவேயில்லை.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, தகரக் கொட்டகையில் எங்கள் யாருக்குமே தூக்கமில்லை. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவர்கள் அந்தமானுக்கு வந்து முகாம்களில் வேலை செய்த காலம் அது. தம்பியும் தானாகச் சரியாகிவிடுவான் என்று இருந்துவிட்டேன். யாரோ கூப்பிடுகிறார்கள் என்று ராத்திரியில் அவன் கப்பல் ஜெட்டிப் பக்கம் நடக்க ஆரம்பித்ததும் தாயத்து கட்டினேன். பிறகு பின்னறையில் வைத்துத் தாழ்ப்பாள் போட்டேன். கடைக்கு வருகிறவர்களிடம், "மெயின்லேண்டுக்கு வேலைக்குப் போயிருக்கான்" என்றேன். தங்கச்சி கல்யாணம் நின்றுவிடக் கூடாதே என்ற கணக்கு. கல்யாணம் முடிந்தது, தாழ்ப்பாள் அப்படியே இருந்தது.

ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று, சங்கிலியில் கட்டிக்கிடந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் செத்த செய்தியைப் படித்துவிட்டு, பெற்றவர்களா இவர்கள் என்று திட்டியவனும் நான்தான்.

கடைசியில் அவனை மருத்துவரிடம் கூட்டிப்போனது அந்தத் தங்கச்சி. மாத்திரையில் தேறினான். இரண்டு வேளை நன்றாகச் சாப்பிட்டுத் தூங்குகிறானே, இனி எதற்கு என்று நானே மாத்திரையை நிறுத்தினேன். கப்பல் செலவு மிச்சம் என்ற நினைப்பும் இருந்தது. பழையபடி ஆனான், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

அரசின் மேல் தப்பே இல்லை என்று சொல்லவரவில்லை. மனநல வைத்தியம் எல்லோருக்கும் உரிமை என்று 2017 சட்டம் சொல்கிறது. தீவுக்காரன் அதற்கும் கடல் தாண்ட வேண்டியிருக்கிறது. ஆனால் என்னைப் போல் வீட்டுக்கு வீடு ஒளித்துவைத்தால், இங்கே நோயாளியே இல்லை என்றுதானே கணக்கு போகும்?

2022 அக்டோபரிலிருந்து டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் இருக்கிறது: 14416. காசு கிடையாது, தமிழிலும் பேசலாம். வீட்டில் யாரையாவது ஒளித்துவைத்திருந்தால், கப்பலைக் காரணம் சொல்லாமல் முதலில் அந்த எண்ணுக்குப் பேசுங்கள்.