ஹரிக்கேன் மில்ஸ் மண்மேடுகள்

அமெரிக்காவின் டென்னசி மாநிலத் தலைநகர் நாஷ்வில். அங்கிருந்து நெடுஞ்சாலை வழியே மேற்கு நோக்கி ஒரு மணித்தியாலத்திற்குச் சற்று அதிகமாகப் பயணம் செய்தால் ஹரிக்கேன் மில்ஸ் என்னும் சிற்றூர் வரும். ஊர் என்று சொல்ல அங்கே அதிகம் எதுவும் இல்லை. ஒரு பழைய மா அரைக்கும் ஆலை, அதன் அருகே ஓர் ஓடை, மேட்டில் வெள்ளைத் தூண்களுடன் பெரிய வீடு, சுற்றிலும் புல்வெளி. ஆனால் கோடை காலத்தில் இங்கே ஆயிரக்கணக்கானோர் கூடாரங்களுடனும் பிள்ளைகுட்டிகளுடனும் வந்து குவிகின்றனர். புல்வெளியின் ஒரு பகுதியில் அமைந்துள்ள மண் ஓடுபாதைதான் அவர்களை இழுக்கிறது. மோட்டார் சைக்கிள்களும் ஏ.ரி.வி. எனப்படும் நான்கு சில்லு வண்டிகளும் அங்கே மண்மேடுகளில் ஏறி ஆகாயத்தில் பாய்கின்றன.

இந்தப் பண்ணையை 1966 ஆம் ஆண்டு வாங்கியவர் லொறெற்றா லின் என்ற பாடகியும் அவரது கணவரும். லொறெற்றா 1932 இல் கென்ரக்கி மாநிலத்தில் ஒரு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகளாகப் பிறந்தவர். எட்டுப் பிள்ளைகளில் இரண்டாமவர். 15 வயதில் திருமணம். ஆறு பிள்ளைகளின் தாய். கணவர் வாங்கிக் கொடுத்த மலிவான கிற்றாரில் தானாகவே வாசிக்கப் பழகி, தன் வீட்டுக் கவலைகளையே பாட்டாக்கினார். 1975 இல் கருத்தடை மாத்திரை பற்றி அவர் பாடியபோது பல வானொலி நிலையங்கள் அதை ஒலிபரப்ப மறுத்தன. அதற்கு முன்பே, 1972 இல், நாட்டுப்புற இசைச் சங்கத்தின் அதியுயர் விருதைப் பெற்ற முதற் பெண்ணாகியிருந்தார். இப்படிப்பட்ட ஒரு பெண்ணின் நிலத்தில் 1982 முதல் நாடளாவிய மோட்டோகுறொஸ் போட்டி நடப்பது பொருத்தமாகவே எனக்குப் படுகிறது. நான்கு சில்லு வண்டிகளுக்கான தேசியப் போட்டித் தொடரின் ஒரு சுற்றும் இங்கே நடைபெறுகிறது. அதில் பெண்களுக்கெனத் தனிப் பிரிவு உண்டு.

இந்த வண்டியைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். ஹொண்டா நிறுவனம் 1970 இல் மூன்று பருத்த ரயர்கள் கொண்ட ஒரு வண்டியை அமெரிக்காவில் விற்கத் தொடங்கியது. (எங்கள் ஊர் ஓட்டோவை நினைத்துவிடாதீர்கள். இதற்குக் கூரையும் இல்லை, பின்னாசனமும் இல்லை.) அது வளைவுகளில் எளிதாகக் குடை சாய்ந்தது. பிள்ளைகள் உட்படப் பலர் உயிரிழந்தனர். 1988 இல் உற்பத்தியாளர்கள் அரசாங்கத்துடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி மூன்று சில்லு வண்டியின் விற்பனை நின்றது. 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெரியவர்களின் வண்டி ஏற்றதல்ல என்ற எச்சரிக்கையும் வாங்குவோருக்கான பயிற்சியும் அந்த உடன்பாட்டில் அடங்கியிருந்தன. 2008 ஆம் ஆண்டுச் சட்டம் புதிய மூன்று சில்லு வண்டிகளை முற்றாகத் தடை செய்தது. இடையில் நான்கு சில்லு வண்டி வளர்ந்து, பந்தயத்துக்கென்றே தனி வகை உருவாகிவிட்டது. அது தாழ்வாகவும் அகலமாகவும் இருக்கும். 450 சிசி இயந்திரம் பொருத்திய அந்த வண்டியின் எடை 150 கிலோவுக்கும் மேல். ஓட்டுபவர் விழுந்தால், பின்னாலேயே அந்த எடையும் வந்து விழக்கூடும். ஆகவேதான் மேட்டின் வடிவத்தில் இவ்வளவு கவனம்.

குளக்கட்டு போடுவதைப் பார்த்தவர்களுக்கு இந்த மேடு அமைக்கும் வேலை புதிதாகத் தோன்றாது. களிகலந்த மண்ணை டோசரால் தள்ளி, படை படையாகப் போட்டு, ஒவ்வொரு படைக்கும் தண்ணீர் தெளித்து இறுக்க வேண்டும். ஒரேயடியாகக் குவித்த மண் வெளியே காய்ந்து உள்ளே பொருமலாக இருக்கும். பத்து வண்டி ஏறியதும் உச்சி உதிர்ந்து பள்ளம் விழும். வெயில் காலத்தில் பவுசரில் தண்ணீர் கொண்டுவந்து தெளித்தபடியே இருக்கிறார்கள். தூசி கண்ணை மறைத்தால் பின்னால் வருபவருக்கு முன்னால் விழுந்து கிடப்பவர் தெரியமாட்டார்.

மேடு மூன்று பாகம் கொண்டது. ஏறும் சரிவு, நடுப்பகுதி, இறங்கும் சரிவு. பழகுபவர்களுக்கு நடுப்பகுதியை மண்ணால் நிரப்பி மேசை போலத் தட்டையாக விடுவார்கள். வேகம் போதாமல் குறுகப் பாய்ந்தாலும் வண்டி அந்த மேசையில்தான் இறங்கும். தேர்ந்தவர்களின் மேட்டில் நடுவே வெறும் பள்ளம். அங்கே குறுகப் பாய்ந்தவர் எதிர்மேட்டில் மோதுவார். ஆகவே பள்ளமுள்ள மேட்டைப் பழகுபவர் தொடவே கூடாது. முழங்கால் உயர மேசைமேடு ஒன்று போதும். ஏறும் சரிவு வண்டியின் நீளத்தைவிட, அதாவது ஏறக்குறைய 1.8 மீற்றரைவிட, நன்றாக நீண்டிருக்க வேண்டும். சரிவு குறுகிச் செங்குத்தாக வளைந்தால் பின்சில்லு உச்சியில் உதைத்து, வண்டியின் மூக்கைக் கீழே தள்ளிவிடும்.

இறங்கும் சரிவைப் பலரும் அலட்சியம் செய்கிறார்கள். என் கணக்கில் அதுதான் முக்கியம். மாடிப்படியிலிருந்து சீமெந்துத் தரையில் குதிப்பதும் மணற்சரிவில் குதித்துச் சறுக்கி வருவதும் ஒன்றா? சரிவில் இறங்கும் வண்டி தன் வேகத்தோடு முன்னே ஓடிவிடுகிறது. சமதரையில் விழும் வண்டி அந்த அடி முழுவதையும் ஓட்டுபவரின் முழங்காலுக்கும் முதுகெலும்புக்கும் கொடுக்கிறது.

ஓட்டப் பழகுவதும் இதே ஒழுங்கில்தான். முதலில் பாயாமல், மெதுவாக மேட்டில் ஏறி இறங்கி அதன் உருவத்தை உடம்புக்குப் பழக்க வேண்டும். பிறகு சிறிது சிறிதாக வேகம் கூட்டலாம். இருக்கையில் உட்கார்ந்தபடி பாயக் கூடாது. கால்தாங்கியில் எழுந்து நின்று, முழங்காலும் முழங்கையும் தளர்வாக மடிந்திருக்க வேண்டும். வலது பெருவிரலால் அழுத்தும் விசையை உச்சிவரை ஒரே சீராகப் பிடிக்க வேண்டும். பயந்து உச்சியில் விரலை எடுப்பவர்கள் பலர். விரலை எடுத்தால் மூக்குத் தாழ்ந்து தலைகுப்புற விழ நேரிடும். பயம் வந்தால் மேட்டுக்கு வெகு முன்னரே வேகத்தைக் குறைத்து, மெதுவாக உருண்டு ஏறி இறங்கிவிடலாம். ஆகாயத்திலும் ஒரு வித்தை இருக்கிறது. விசையை அழுத்தினால் பின்சில்லுகள் வேகமாகச் சுழன்று மூக்கு மேலெழும். பிறேக் பிடித்தால் மூக்குத் தாழும். இறங்கும்போது நான்கு சில்லும் சரிவுக்கு இணையாக ஒன்றாகத் தொட வேண்டும். அல்லது பின்சில்லு சற்று முந்தித் தொடலாம்.

பெண்கள் உடற்பலத்தில் குறைந்தவர்கள், ஆகவே இது அவர்களுக்கு உரியதல்ல என்று சொல்வோர் அங்கேயும் இருக்கிறார்கள். சீரான விரலையும் தளர்ந்த முழங்காலையும் நேரத்தில் எடுக்கும் முடிவையும் கேட்கும் வேலையில் பலத்துக்கு இரண்டாம் இடம்தான். சிறுமிகள் தங்கள் வயதுக்கேற்ற சிறிய வண்டியில் தொடங்கினால், பெரிய வண்டிக்கு வரும்போது கை பதறுவதில்லை. அண்ணனின் பெரிய வண்டியில் நேராக ஏறுவதும் ஒருவரைப் பின்னால் ஏற்றிச் செல்வதும்தான் ஆபத்து. அந்த வண்டி ஒருவருக்காகவே செய்யப்பட்டது.

போட்டி வண்டியில் இரண்டு பொருட்கள் என் கவனத்தை ஈர்த்தன. ஒன்று, ஓட்டுபவரை வண்டியுடன் இணைக்கும் கயிறு. அவர் தூக்கி எறியப்பட்டால் கயிறு கழன்று இயந்திரம் தானாகவே நின்றுவிடும். மற்றது, இரு பக்கமும் உள்ள இரும்புச் சட்டமும் வலையும். கால் தவறினாலும் பின்சில்லுக்குள் போகாது. தலைக்கவசம், கண்ணாடி, மார்புக் காப்பு, முழங்கால் வரையான சப்பாத்து ஆகியவற்றைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. இவை இல்லாதவரைப் பாதையில் விடுவதில்லை.

இந்தப் பண்ணைக்கு ஆபத்து வண்டியால் மட்டும் வரவில்லை. 1984 இல் லொறெற்றாவின் மூத்த மகன் குதிரையில் ஆற்றைக் கடக்க முயன்றபோது மூழ்கி இறந்தார். 2021 ஓகஸ்ட் 21 ஆம் திகதி கொட்டிய பெருமழையில் இப்பிரதேசமே வெள்ளத்தில் மூழ்கி 20 பேர் இறந்தனர். பண்ணையின் மேற்பார்வையாளரும் அவர்களில் ஒருவர். பண்ணை பெரும் சேதமடைந்தது. 2022 கோடையில் போட்டி மீண்டும் அதே நிலத்தில் நடந்தது. அவ்வாண்டு ஒக்ரோபர் 4 ஆம் திகதி லொறெற்றா தமது 90 ஆவது வயதில் அந்தப் பண்ணை வீட்டிலேயே காலமானார். கணவரின் அருகில், அதே மண்ணில் அடக்கம் செய்யப்பட்டுள்ளார்.

பார்க்கப் போகிறவர்கள் ஓடுபாதையோடு திரும்பிவிட வேண்டாம். சுரங்கத் தொழிலாளியின் குடிசையைப் போல அமைத்த சிறு வீடொன்றும் அவரது ஆடைகளும் கிற்றார்களும் உள்ள அருங்காட்சியகமும் பண்ணையிலேயே இருக்கின்றன.